பயிற்சி எண் நாற்பத்திரண்டு

எங்கள் கப்பலில் பத்துக்கு ஆறுக்கு மேல் யாரும் மார்க் வாங்கியதில்லை. எண் நாற்பத்திரண்டுக்கு முன் நடந்த நாற்பத்தொரு பயிற்சிகளின் தாள்களும் என்னிடம் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மூன்று மார்க் நான்கு முறை, நான்கு மார்க் பதினொரு முறை, ஐந்து பதினேழு முறை, ஆறு ஒன்பது முறை. ஏழு இல்லை.

மார்க் போடுபவர் துணைக் கேப்டன். கப்பலில் ஓட்டை விழுந்தால் அடைப்பதும் தீப்பிடித்தால் அணைப்பதும் அவர் பொறுப்பு. குள்ளமான மனிதர், எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், பயிற்சி நடக்கும்போது சிரிக்கமாட்டார். அவர் இல்லாத இடத்தில் அவரை ‘ஆறு மார்க்’ என்போம். காதில் விழும் தூரத்தில் ‘சார்’.

நான் அந்தக் கப்பலின் எழுத்தர். போருக்கு முன்னால் பகலில் அக்காவின் சலவைக் கடையில் துணிகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். மாலையில் குறிப்பெழுதும் வகுப்பு. நேரம், நடந்தது, குறிப்பு என்று மூன்று கட்டம் போடாமல் எனக்கு எதையும் எழுத வராது. கையில் எப்போதும் ஸ்டாப்வாட்ச் இருந்ததால் கப்பலில் என் பெயர் ‘கடிகாரம்’. போர் முடிந்து மறுபடியும் அதே வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். எனக்கு நிச்சயமில்லாத இடத்தில் நிச்சயமில்லை என்று எழுதுவதை ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிடுகிறார். இதில் அப்படி இரண்டு மூன்று இடங்கள் வரும். அடித்தால் அடிக்கட்டும்.

கப்பல் என்று சொல்கிறேனே தவிர, அது ஒரு பழைய மீன்பிடிக் கப்பல். போர் வந்ததும் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்து, முன்னால் ஒரு பீரங்கியை வைத்து, எங்கள் முப்பத்தொரு பேரை ஏற்றிவிட்டார்கள். எத்தனை முறை கழுவினாலும் மீன் வாடை போகவில்லை. சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போய்வருவது எங்கள் வேலை. முன்பக்கம் அடியில் மீன் கொட்டி வைக்கும் கிடங்கு இருந்தது. இப்போது அதில் கயிறும் மரக்கட்டைகளும் பழைய மெத்தைகளும். இறங்க ஓர் இரும்பு ஏணி, மேலே ஓர் இரும்பு மூடி. வேறு வழி கிடையாது.

அந்தக் கிடங்கைப் பற்றி துணைக் கேப்டன் எங்களுக்கு மனப்பாடமாகும் அளவுக்குச் சொல்லியிருந்தார். “இது ரொம்பினா மூக்கு எறங்கும். மூக்கு எறங்கினா வால் தூக்கும். வால் தூக்கினா விசிறி காத்துல சுத்தும். காத்துல சுத்துற விசிறியால வேர்வையை ஆத்தலாம், கப்பலை ஓட்ட முடியாது.”

ஆகவே பயிற்சிகள் பெரும்பாலும் அங்கேதான். கிடங்கின் இடது சுவரில் ஓட்டை போட்ட பலகை ஒன்றை மாட்டி, பின்னால் குழாயைச் சொருகித் தண்ணீரைத் திறந்துவிடுவார். விளக்கை அணைப்பார். வெளியே ஓர் ஆளை நிறுத்திக் கப்பலின் பக்கத்தில் சம்மட்டியால் அடிக்கச் சொல்வார். யாராவது ஒருவர் கழுத்தில் ‘கால் முறிவு’ என்று அட்டை தொங்கும். அவர் நொண்டியே ஆக வேண்டும். ஒரு முறை ஈரச் சாக்கைக் கொளுத்திப் புகை போட்டதில் சமையல்காரரின் ஒரு பக்கப் புருவம் போயிற்று. நான் ஏணியில் உட்கார்ந்து நேரம் சொல்வேன்.

கிடங்குக் குழுவில் ஐந்து பேர். ஓயாமல் பேசும் தச்சர், அவருக்கு ‘ரம்பம்’ என்று பெயர். மின்விளக்கு வேலை பார்க்கும் ‘பல்பு’. கைப்பம்பு அடிக்கும் அண்ணன் தம்பி இருவர், பெரியவர், சின்னவர். ஐந்தாவது ஆள் சமையல்காரர்.

சமையல்காரர் துணைக் கேப்டனுடைய மனைவியின் தம்பி. போருக்கு முன் பேருந்து நிலையத்தில் கேன்டீன் நடத்தியவர். வீட்டில் ‘அத்தான்’, கப்பலில் ‘சார்’ என்பது ஒப்பந்தம். கப்பலில் வாய் தவறி ‘அத்தான்’ வந்தால் ஒழுங்குக் கட்டத்தில் ஒரு மார்க் கழியும். துணைக் கேப்டனின் மனைவி கப்பல் கிளம்பிய அன்று துறைமுக வாசலில் எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார்: “இவனை உங்க கண்ணு முன்னாடியே வெச்சுக்கணும். இவன் இல்லாம நீங்க மட்டும் வந்து நின்னீங்கன்னா, கதவு தெறக்காது.”

“நான் மட்டும் வந்தா தெறப்பியாக்கா?” என்றார் தம்பி.

“உனக்குத் தெறப்பேன்.”

துணைக் கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சண்டைக்கு ஒரு மாதம் முன்பு நடந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அன்று அவர் செய்தது விளங்காது. கிடங்கில் இந்த ஐந்து பேரும் கயிறு அடுக்கிக்கொண்டிருந்தபோது மேலிருந்து யாரோ “மிதக்கும் குண்டு!” என்று கத்தினார்கள். உண்மையில் அது ஒரு காலிப் பீப்பாய். ஆனால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஏணியில் ஏறினார்கள். ஏணி அடைத்துக்கொண்டது. ஒரு நிமிடம் ஐம்பது நொடி யாராலும் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பல்பின் சுண்டுவிரல் உடைந்தது. பயிற்சிகளில் அவ்வளவு அழகாக வேலை பார்ப்பவர்கள், நிஜம் என்று நினைத்த மறுநொடி ஆளை ஆள் மிதித்தார்கள். துணைக் கேப்டன் அன்று என்னிடம் தனியாகச் சொன்னார்: “தண்ணி நம்மளக் கொல்ல நேரமாகும். ஏணிதான் சீக்கிரம் கொல்லும். எழுதி வெச்சுக்க.” எழுதி வைத்திருக்கிறேன்.

இனி அந்த நாள்.

மாவும் மருந்தும் ஏற்றிய மூன்று சரக்குக் கப்பல்களோடு துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தோம். இன்னும் ஒன்றரை மணி நேரப் பயணம். வெயில் நன்றாக அடித்தது, கடல் அமைதி. காலை பத்து மணிக்குப் பயிற்சி எண் நாற்பத்திரண்டு; கூடவே பீரங்கிப் பயிற்சியும் நடக்கும், சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று அறிவிப்புப் பலகையில் நானே எழுதி ஒட்டியிருந்தேன்.

பத்து மணிக்கு மணி அடித்தது. ஐந்து பேரும் இறங்கினார்கள். குழாய் திறந்தது. நான் ஏணியின் மேல்படியில். துணைக் கேப்டன் எனக்கு மேலே, திறந்த மூடியின் ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு.

ஒன்பதாவது நிமிடத்தில் பேச்சுக் குழாயில் கேப்டனின் குரல் வந்தது. அந்தப் பித்தளைக் குழாய் மேடையிலிருந்து எங்கள் காதருகே வந்து முடியும். துணைக் கேப்டனுக்கும் எனக்கும் மட்டும் கேட்டது.

“மூணு படகு. வேகமா வருது. பீரங்கி இருக்கு. இது பயிற்சி இல்ல. கேக்குதா? பயிற்சி இல்ல.”

“கேக்குது,” என்றார் துணைக் கேப்டன்.

எங்கள் பீரங்கி சுட்டது. கீழே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அறிவிப்பைப் படித்திருந்தார்கள். அடுத்து ஏதோ ஒன்று எங்கள் வலது பக்கத்தில், தண்ணீருக்குள் வெடித்தது. ஏணி என்னை உதறித் தள்ளப் பார்த்தது. கிடங்கின் வலது சுவரில் இரண்டு ஆணிகள் தெறித்தன. தகடுகள் சேரும் இடத்தில் ஒரு கை நீளத்துக்குப் பிளந்து, கடல் உள்ளே வந்தது.

“அடேங்கப்பா!” என்றார் பல்பு, கீழே இருட்டில். “சம்மட்டிய மாத்திட்டாரு போல!”

“ரெண்டு பக்கமும் தண்ணி விடுறாருப்பா,” என்றார் ரம்பம். “எங்க தாத்தா காலத்துல ஒரு படகு இருந்துச்சு, அதுலயும் இப்படித்தான்...”

“தாத்தாவ அப்புறம் கொண்டு வாங்கண்ணே, மொதல்ல மெத்தையக் கொண்டு வாங்க!” என்று சமையல்காரர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் துணைக் கேப்டனைப் பார்த்தேன். அவர் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏணியைப் பார்த்தார். பிளவைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று நான் குறிக்கவில்லை. மூன்று நொடி இருக்கலாம், நிச்சயமில்லை. பிறகு குனிந்து என் காதில் சொன்னார்: “நாப்பத்திரண்டு இன்னும் முடியல. புரியுதா?”

“சார்...”

“நான் உள்ள போறேன். நீ வெளிய போயி மூடியப் போட்டு இறுக்கு.”

சண்டையில் அந்த மூடி மூடியிருக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் மற்ற அறைகளுக்குப் பரவக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் உள்ளேதான். அவருடைய இடம் மூடிக்கு வெளியே, அதுவும் விதிதான். அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் என்னைத் தாண்டி இறங்கினார்.

நான் வெளியே போயிருக்க வேண்டும். ஆனால் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது, பதினொன்று இருபது, பதினொன்று இருபத்தொன்று. நான் போனால் நேரத்தை யார் குறிப்பது என்று ஒரு யோசனை வந்தது. அது தைரியமா, பழக்க தோஷமா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மூடியை இழுத்து, உள்பக்கத்திலிருந்து நான்கு பிடிகளையும் திருகி இறுக்கினேன்.

துணைக் கேப்டன் திரும்பிப் பார்த்தார். “வெளியிலேர்ந்துன்னு சொன்னேன்.”

“நேரம் குறிக்கணும் சார்.”

கீழே கைவிளக்கு ஆடியது. அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. “நிமிஷத்துக்கு ஒரு தடவை சத்தமா சொல்லு. குரல் நடுங்கினா உனக்கும் மார்க் கழியும்.”

“பன்னெண்டு!” என்றேன். நடுங்கியது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

அவர் தண்ணீரில் இறங்கியதைப் பார்த்ததும் ஐந்து பேரும் வேலையை நிறுத்தினார்கள். நாற்பத்தொரு பயிற்சியில் அவர் ஒரு முறைகூட நனைந்ததில்லை.

“என்ன பாக்குற? இன்னிக்கு புது மாதிரி,” என்றார். “இடது பக்கம் பொய் ஓட்டை, அத விட்டுடு. வலது பக்கம்தான் பரீட்சை. மெத்தை, பலகை, முட்டு. பெரியவரே, தம்பிய இழுத்துக்கிட்டுப் பம்புக்குப் போங்க. கால் முறிவு யாரு?”

“நான் சார்,” என்று பல்பு அட்டையைக் காட்டினார்.

“உன் கால் சரியாயிடுச்சு. விளக்கப் பிடி.”

மெத்தையைப் பிளவின் மேல் வைத்து, அதன் மேல் பலகையை வைத்து, பலகைக்கும் எதிர்ப்பக்க இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். இதை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். ஆனால் தயாராக வெட்டி வைத்திருந்த முட்டு, இடது சுவரின் பொய் ஓட்டைக்காக அளந்தது. வலது பக்கத்துக்கு ஒரு சாண் குட்டை. நாற்பத்தொரு முறையும் ஒரே சுவரில் ஓட்டை போட்டால் இப்படித்தான் ஆகும். அதை எழுதி வைக்க வேண்டியவன் நான். எழுதி வைக்கவில்லை.

“புதுசா அறுங்க,” என்றார் துணைக் கேப்டன். பிறகு பலகையின் மேல் தன் முதுகைச் சாய்த்து, இரண்டு கால்களையும் எதிரே இருந்த சட்டத்தில் உதைத்துக்கொண்டார். முட்டுக்கட்டைக்குப் பதில் அவர்.

“பதினஞ்சு!” என்றேன்.

தண்ணீர் இடுப்பளவு இருந்தது. கடல் முழுவதும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தள்ளியது. எங்கள் பீரங்கி சுட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பதிலும் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் பலகை துள்ளும், அவர் அதைத் திரும்ப அமுக்குவார். அந்த மனிதர் அன்றைக்குப் பேசியதுபோல் அதற்கு முன்னால் பேசியதில்லை.

“ரம்பம், வாயால அறுக்காத, கையால அறு.”

“அளக்கணும்ல சார். அளக்காம அறுத்தா...”

“போன வாரம் ஸ்டூல் செஞ்சியே, மூணு காலு ஒரு அளவு, நாலாவது காலு அதோட பங்காளி மாதிரி தனியா நின்னுச்சே, அத அளந்துதான் அறுத்தியா?”

பம்பு அடித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி சிரித்ததில் தாளம் தப்பியது.

“தாளம்! தாளம்!” என்று அவர் கத்தினார். “கல்யாண வீட்டுல சாப்பாட்டுக்கு ஓடுற வேகம் இங்க எங்க போச்சு?”

இருபத்து நான்காவது நிமிடத்தில் அது நடந்தது. பல்பு விளக்கைத் தண்ணீர்மேல் காட்டினார். ஒரு விரல் நீளத்தில் வெள்ளி மாதிரி ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது.

“சார்,” என்றார் சின்னவர். “மீனு.”

பம்பு நின்றது. மரம் அறுக்கும் சத்தம் நின்றது. மூன்று நொடி, இதை மட்டும் சரியாகக் குறித்திருக்கிறேன். எல்லார் கண்ணும் மெதுவாக என்னை நோக்கி, அதாவது ஏணியை நோக்கி, வருவது எனக்குத் தெரிந்தது. ஏணியில் நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது நினைத்தேன், முடிந்தது என்று.

சமையல்காரர் ஓங்கிச் சிரித்தார்.

“மீன் வேற வாங்கிப் போட்டிருக்காரு பாருய்யா! எந்த மார்க்கெட்டு?”

“மார்க்கெட்ல இல்ல,” என்றார் துணைக் கேப்டன், மூச்சுப் பிடித்துக்கொண்டே. “போன வாரமே பிடிச்சு வாளியில வெச்சிருந்தேன். நிஜம் மாதிரி இருக்கணும்ல.”

“கப்பலுக்குப் பழைய புத்தி போகல,” என்றார் ரம்பம். “மீனப் பாத்தா அள்ளிப் போட்டுக்குது.”

பம்பு மறுபடி ஓடியது, முன்னைவிட வேகமாக. எல்லாரும் முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. நம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். குறிப்புக் கட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘24.00. மீன். 3 நொடி வேலை நிறுத்தம். அதன் பின் சமையல்காரர் மூன்று முறை அத்தான் என்று அழைத்தார். ஒழுங்கு: மார்க் கழிக்கவும்.’

உண்மைதான், அழைத்தார். “அத்தான், கொஞ்சம் நகருங்க, நானும் முதுகு குடுக்கறேன்.”

“கப்பல்ல சார்.”

“சரி அத்தான்.” அவர் பலகையின் மறுமுனையில் வந்து சாய்ந்தார்.

இருபத்தொன்பதாவது நிமிடத்தில் கப்பல் மேல் நிஜமாகவே ஏதோ விழுந்தது. எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தது. பலகை நழுவி, மெத்தை விலகி, தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. துணைக் கேப்டன் தண்ணீருக்குள் போனார். எழுந்தார். மெத்தையைத் தோளால் தள்ளிக்கொண்டுபோய் அதே இடத்தில் அழுத்தினார். இரும்புச் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் அவர் உடம்பு மடங்கியபோது ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த குச்சி ஒடிவதுபோல. விளக்கு அவர் முகத்தில் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“கடிகாரம்! நேரம்?”

அவர் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தெரியாது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்!

“இருபத்தொம்பது அம்பது, சார்!” குரல் நடுங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

முப்பத்து நான்காவது நிமிடத்தில் ரம்பம் புது முட்டுக்கட்டையைக் கொண்டுவந்தார். அளவு இம்மி பிசகவில்லை. ஆப்பு வைத்து மரச் சுத்தியால் அடித்து இறக்கினார்கள். பீறிட்டது கசிவாயிற்று. பத்தொன்பது நிமிடம் தன் முதுகைக் கொடுத்துவிட்டு, துணைக் கேப்டன் பலகையிலிருந்து விலகினார். விலகினார் என்பது தவறு. அவருடைய மச்சான், அதாவது சமையல்காரர், அவரைப் பிடித்து எடுத்தார்.

நாற்பத்தேழாவது நிமிடம் பேச்சுக் குழாய் பேசியது. மூடி மூடியிருந்ததால் மெல்லத்தான் கேட்டது, ஆனால் கேப்டனே கத்தினார். “ஓடிட்டானுங்க! ஒண்ணு கவுந்துடுச்சு, ரெண்டு ஓடிடுச்சு! கரையிலேர்ந்து நம்ம பீரங்கிப் படகு வந்துடுச்சு! மூணு சரக்குக் கப்பலும் பத்திரம்! கீழ யாராச்சும் இருக்கீங்களா?”

துணைக் கேப்டன் கழுத்தளவு தண்ணீரில், மச்சானின் தோளில் சாய்ந்துகொண்டு, அதிகாரிக் குரலில் சொன்னார்: “பயிற்சி எண் நாப்பத்திரண்டு முடிஞ்சுது. நேரம்?”

“நாப்பத்தேழு நிமிஷம் சார்.”

“மார்க்கு ஆறு.”

“அத்தான்,” என்றார் சமையல்காரர். “நிஜக் குண்டுக்கும் ஆறுதானா?”

துணைக் கேப்டன் மச்சானின் தோளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“எப்பத் தெரியும்?” என்றார் துணைக் கேப்டன்.

“மீன் வந்தப்பவே. பத்து வருஷமா மீன் சுத்தம் பண்றேன். வாளியில ஒரு வாரம் கிடந்த மீன் அப்படியா துள்ளும்?”

“எனக்கு நீங்க தண்ணியில எறங்கினப்பவே தெரியும் சார்,” என்றார் பெரியவர். “ஷூவோட எறங்கினீங்க.”

“எனக்குக் கடிகாரம் பன்னெண்டுன்னு சொன்ன குரல்ல தெரிஞ்சுது,” என்றார் ரம்பம். சின்னவர் தலையாட்டினார். நான் ஏணியில் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அப்புறம் ஏண்டா சிரிச்சீங்க?”

“நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு நடிக்கிறீங்க, பாவமா இருந்துச்சு,” என்றார் மச்சான். “நாங்க பயந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு...”

துணைக் கேப்டன் சிரிக்க ஆரம்பித்தார். உடனே விலாவைப் பிடித்துக்கொண்டு “ஐயோ, சிரிக்க வைக்காதீங்கடா,” என்றார். அவரால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

மூடியைத் திறந்தேன். வெயில் உள்ளே கொட்டியது. ஏணியில் ஒவ்வொருவராக ஏறினார்கள். சின்னவர் முதலில், மற்றவர்கள் பின்னால், யாரும் யாரையும் இடிக்கவில்லை. கடைசியாகத் துணைக் கேப்டனை ஒரு மெத்தையில் கட்டிக் கயிறு போட்டு இழுத்தோம்.

மேலே போன பல்பு அப்படியே நின்றுவிட்டார். புகைபோக்கியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை, அதன் வழியாக வானம் தெரிந்தது.

“என்ன சார் இது?” என்றார். “பயிற்சிக்குப் புகைபோக்கியையுமா ஓட்ட போடுவீங்க?”

அவருக்கு மட்டும் கடைசிவரை தெரியவே தெரியாது. குழாயில் கேப்டன் கத்தியதையும் ‘நிஜக் குண்டு’ என்று மச்சான் சொன்னதையும் அவர் வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார். விஷயம் புரிந்ததும் மேல்தளத்திலேயே உட்கார்ந்து, இன்னும் கழுத்தில் தொங்கிய ‘கால் முறிவு’ அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டார். “அதான் கால் நடுங்குது,” என்றார்.

சண்டையில் எங்கள் தரப்பில் ஒருவரும் சாகவில்லை. பீரங்கி அணியில் இரண்டு பேருக்குக் காயம், இருவரும் பிழைத்தார்கள். துணைக் கேப்டனுக்கு மூன்று விலா எலும்பு.

மருத்துவமனைக்கு அவர் மனைவி வந்தபோது நான் கையெழுத்து வாங்குவதற்காகத் தாள்களோடு நின்றிருந்தேன். மச்சான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா முதலில் தம்பியின் தலை, தோள், கை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

“மூடியப் போடச் சொன்னது நீங்களாமே? என் தம்பி உள்ள இருக்கும்போது?”

“நானும் உள்ளதானே இருந்தேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“கண்ணு முன்னாடி வெச்சுக்கச் சொன்ன,” என்றார் அவர். “வெச்சிருந்தேன். ரெண்டு முழம் தூரத்துல.”

அந்த அம்மா தம்பியின் கையிலிருந்த ஆரஞ்சைப் பிடுங்கி, ஒரு சுளையைக் கணவரின் வாயில் திணித்தார். அடுத்ததைத் தம்பியின் வாயில். கையில் மிஞ்சிய இன்னொன்றை, யார் என்று பார்க்காமலே, என் வாயில்.

அறிக்கை விஷயத்தில் எனக்குப் பெரிய குழப்பம். கிடங்கில் நடந்ததற்கு இருக்கும் ஒரே ஆதாரம் ‘பயிற்சி எண் 42’ என்ற தலைப்பிட்ட என் தாள்தான். தலைப்பை அடித்துத் திருத்தவா என்று கேப்டனைக் கேட்டேன். அப்படியே அனுப்பச் சொன்னார். இரண்டு வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: பயிற்சியின்போது உண்மையான குண்டுகளைப் பயன்படுத்த அனுமதித்தது யார், அவை எங்கிருந்து பெறப்பட்டன, விளக்கம் தேவை. கேப்டன் அதன் அடியிலேயே எழுதினார்: ‘எதிரி அன்போடு கொண்டுவந்து கொடுத்தார். ரசீது இல்லை.’ அதன் பிறகு யாரோ ஒருவர் தாளை முழுசாகப் படித்திருக்க வேண்டும். மூன்றாம் கடிதத்தோடு துணைக் கேப்டனுக்கு ஒரு பதக்கம் வந்தது.

பத்து வாரம் கழித்து அவர் கப்பலுக்குத் திரும்பினார். பதக்கத்தைக் குத்திக்கொண்டு வருவார் என்று பெயிண்ட் எல்லாம் அடித்து வைத்திருந்தோம். வெறும் சட்டையோடு வந்தார். பையை வைத்தார். மணியை அடித்தார்.

“பயிற்சி எண் நாப்பத்து மூணு. இன்னிக்கு ஓட்டை எந்தப் பக்கம்னு சொல்லமாட்டேன்.”

புகைபோக்கி புதிது, மனிதர் பழையவர். ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். குழாய் திறந்தது. நான் மேல்படியில், ஸ்டாப்வாட்சோடு. அவர் மூடியின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு. கப்பல் துறைமுகத்தில் கட்டி நின்றது. கரையில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

ஏழாவது நிமிடத்தில் பல்பின் விளக்கு வெளிச்சம் தண்ணீரில் விழுந்தது. வெள்ளியாக ஒன்று துள்ளியது. உயிரோடுதான் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் என் தோளில் ஒரு ஷூ பட்டது. துணைக் கேப்டன் என்னைத் தாண்டித் தண்ணீருக்குள் குதித்திருந்தார். “மெத்தை! வலது பக்கம் பாரு! ஏணிகிட்ட யாரும் வராதீங்க!” என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் சுவரைத் தடவினார்.

சுவரில் பிளவு எதுவும் இல்லை. திரும்பினார். ஐந்து பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். மச்சானின் கையில், முதுகுக்குப் பின்னால் மறைத்துவைத்த சின்னத் தகர டப்பா ஒன்று இருந்தது. அதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் அந்த டப்பாவைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார்.

“கடிகாரம்,” என்றார் மச்சான், கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தடிப்பாக்கி. “மீனப் பாத்ததுலேர்ந்து சார் எறங்குற வரைக்கும் எவ்வளவு நேரம்?”

குறித்திருந்தேன். “ரெண்டு செகண்ட்.”

“எங்க நிக்கணுங்கிறது விதி?”

“மூடிக்கு வெளியே.”

“விதி மீறல்,” என்றார் மச்சான். “எழுதிக்க. வேகம் நல்லா இருந்துச்சு. ஒழுங்கு போதாது. மார்க்கு ஆறு.”

எழுதிக்கொண்டேன். துணைக் கேப்டன் ஈரக் கையாலேயே அதில் கையெழுத்துப் போட்டார். மை கலைந்திருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது.